ஒரே வீடு, ஒரே போர் தண்ணி. மகளுக்குப் பல் கறை, மகனுக்கு இல்லை. ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

#1 காரிமங்கலத்தான்

வணக்கம். விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. மகள் 2009-இல் பிறந்தவள். மேல் முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள். பள்ளிக் குழுப்படம் எதை எடுத்தாலும் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்பாள். மகன் 2015. அவன் பல் தேங்காய்ப் பத்தை மாதிரி இருக்கும்.

வீட்டில் இது பல வருடப் பஞ்சாயத்து. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிப் பல்லு கிடையாது, எனக்கு அறுபத்தெட்டு வயசு, ஒரு கறை உண்டா பாரு" என்பார் என் அம்மா. சொல்வது என்னிடம், போய்ச் சேர்வது என் மனைவியிடம். மனைவி தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் கறை உண்டு.

போன வாரம் ஒரு ஏஜெண்ட் வந்தார். தண்ணியில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு கூடினால்தான் பல் இப்படி ஆகுமாம். எச்சில் எடுத்து அனுப்பினால், ஃப்ளோரைடால் எளிதில் பாதிக்கப்பட வைக்கும் ஜீன் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் காட்டினார். இது உண்மையா? எடுத்துப் பார்க்கலாமா?

#2 பல்லாண்டு

பல் மருத்துவர்தான் எழுதுகிறேன். ஆன்லைனில் பல்லைப் பார்க்க முடியாது, ஆனால் ஒரு கேள்வி கேட்க முடியும். மகள் பிறந்து முதல் நான்கைந்து வருடம் குடித்தது எந்தத் தண்ணி? மகன் அதே வயதில் குடித்தது எந்தத் தண்ணி? "ஒரே வீடு" என்பது பதில் ஆகாது. வருடக் கணக்கு வேண்டும்.

#3 பென்னாகரம் ராகி

ஜீனாவது கீனாவது. எங்கள் ஊரில் மாட்டுக்கும் பல் கறை உண்டு. அதுவும் மருமகள் வழியில் வந்ததா?

#4 ஊத்தங்கரை வாத்தியார்

ராகி தம்பி கிண்டலாகச் சொன்னாலும் அதில் வரலாறு இருக்கிறது. இந்த நாட்டில் ஃப்ளோரைடு நோய் பதிவானதே நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் ஷார்ட் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதினார்கள். இன்றைய ஆந்திராவின் நெல்லூர், பிரகாசம் பக்கத்து ஊர்கள் அவை. கால்நடைகளிடமும் அதே காலத்தில்தான் இது கவனிக்கப்பட்டது.

நம் மண்ணுக்கு அடியில் கிடப்பது பழங்காலத்து நைஸ், சார்னோகைட், கிரானைட் பாறைகள். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகிய கனிமங்களில் ஃப்ளோரைடு உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறையே உண்டு, புவியியல் மாணவர்கள் சுத்தியலோடு வந்து போவார்கள். பாறை இடுக்கில் தண்ணி எவ்வளவு காலம் தேங்குகிறதோ அவ்வளவு கரையும். தண்ணியில் சுண்ணாம்புச் சத்து குறைந்து சோடா உப்பு கூடினால் இன்னும் வேகமாகக் கரையும். கால்சியம் இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு படிந்துவிடும், இல்லையென்றால் அது தண்ணியிலேயே நிற்கும்.

இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத ஊருக்கு 1.5 வரை. போரை ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணி வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. உப்புக்கு வேண்டுமானால் அது சரியாக இருக்கலாம், ஃப்ளோரைடுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நாக்குக்கும் தெரியாது. மணம், நிறம், சுவை எதுவும் கிடையாது.

#5 லேப் அக்கா

பாலக்கோட்டுக்காரி. பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் புரதங்களோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. எனக்கும் முன்பற்களில் கோடு உண்டு, அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் சொந்தமாகவே படித்தவள்.

முதலில் கறை என்ற சொல்லை விட்டுவிடுவோம். வெளியிலிருந்து ஒட்டியது என்றால் தேய்த்தால் போக வேண்டுமே. இது பல் கட்டப்பட்டபோதே நடந்த கோளாறு.

தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு பலகையைக் கழற்றுவோம். பல்லின் கெட்டியான மேலடுக்கான எனாமலைக் கட்டும் அமிலோபிளாஸ்ட் செல்களும் அப்படித்தான். அமிலோஜெனின் என்ற புரதத்தை முதலில் அடிக்கிறார்கள், அதுதான் சென்ட்ரிங். அதற்கு நடுவே கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் மெல்லிய நாடாக்களாக நீள்கின்றன. அப்புறம் எம்.எம்.பி.20, கே.எல்.கே.4 என்ற இரண்டு என்சைம்கள் வந்து புரதத்தை வெட்டி அப்புறப்படுத்துகின்றன. காலியான இடத்தில் படிகம் தடித்து, முடிவில் எனாமலின் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் கனிமமாகிவிடுகிறது. உடம்பிலேயே கடினமான பொருள் அது.

ஃப்ளோரைடு கூடினால் பலகையைக் கழற்றும் வேலை தாமதமாகிறது. புரதம் உள்ளேயே மிஞ்சுகிறது, படிகம் தடிக்க இடமில்லை, எனாமலின் மேற்பரப்புக்கு அடியில் நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். பிறகு டீயும் குழம்பும் அந்தத் துளைகளில் இறங்கி இறங்கிக் காவி நிறமாகிறது. அதனால்தான் ஏழு வயதில் "வெள்ளைத் திட்டு", பன்னிரண்டு வயதில் "காவி".

ஏன் தாமதம்? இங்கேதான் கடந்த இருபது வருட ஆராய்ச்சி. படிகம் வளரும்போது கூடவே அமிலமும் வெளிப்படும். எனாமல் முதிரும் கட்டத்தில் அந்தச் சூழலின் பி.ஹெச். (குறைந்தால் அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) அவ்வப்போது 6-க்கும் கீழே இறங்கும். அமிலத்தில் ஃப்ளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாகிறது. மின்னூட்டம் இல்லை என்றால் செல் சவ்வு தடுக்காது, சொந்தக்காரன் மாதிரி உள்ளே வந்துவிடும். உள்ளே அமிலம் குறைவு, எனவே மறுபடி ஃப்ளோரைடாகப் பிரிந்து சிக்கிக்கொள்கிறது. புரதங்களை மடித்து அனுப்பும் எண்டோபிளாச வலை தடுமாறத் தொடங்குகிறது. அமெரிக்காவில் பார்ட்லெட் என்பவரின் குழு 2005-இல் இதைக் காட்டியது. தடுமாறும் செல் உற்பத்தியைக் குறைக்கும், அது அதன் தற்காப்பு. கே.எல்.கே.4 உற்பத்தியும் குறைகிறது என்று பிற்பாடு வந்த வேலைகள் காட்டின. பலகை கழற்றும் ஆளே வராவிட்டால் பலகை எப்படிக் கழலும்?

#6 மாந்தோப்பு

அக்கா, சென்ட்ரிங் கதை நன்றாகப் புரிந்தது. ஆனால் ஜீனே இல்லை என்று விட முடியாது. எங்களுடையது காவேரிப்பட்டினம் பக்கம் கூட்டுக் குடும்பம். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் இரண்டு மாத வித்தியாசம். ஒரே கிணறு, ஒரே அடுப்பு, ஒரே பள்ளிக்கூடம். அவனுக்குப் பல்லில் பள்ளமே விழுந்துவிட்டது. எனக்கு உற்றுப் பார்த்தால் தெரியும் வெள்ளைக் கோடுதான். இதற்கு வருடக் கணக்கு என்ன சொல்லும்?

#7 பல்லாண்டு

மாந்தோப்பு, தாய்ப்பால் யாருக்கு எவ்வளவு நாள்? தாய் எந்தத் தண்ணி குடித்தாலும் தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவாகத்தான் இறங்கும். போர் தண்ணியில் பவுடர் பால் கலக்கிக் கொடுத்த குழந்தைக்குக் கணக்கே வேறு. முன்பல்லின் எனாமல் பிறந்து மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதில் முதல் மூன்று வருடம்தான் மிக ஆபத்தான காலம்.

#8 மாந்தோப்பு

அம்மாவிடம் கேட்டேன். அவன்தான் என்னைவிடக் கூடுதல் நாள் தாய்ப்பால் குடித்தவனாம். எனக்குத்தான் எட்டாவது மாதத்திலேயே பசும்பாலில் தண்ணி கலந்து கொடுத்தார்களாம். இப்போது?

#9 லேப் அக்கா

இப்போது ஜீனைப் பற்றிப் பேசலாம். மாந்தோப்பு தம்பி கேட்டதைத்தான் எலியில் கேட்டார்கள். 2002-இல் எவரெட் என்பவரின் குழு 12 வகை ஆய்வக எலிகளுக்கு ஒரே தீவனமும் ஃப்ளோரைடு கலந்த ஒரே தண்ணியும் கொடுத்துப் பார்த்தது. ஏ/ஜே என்ற வகைக்குப் பல் மோசமாகக் கெட்டது. 129பி3/ஜே என்ற வகைக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை. ஆகவே ஜீன் உண்டு, சந்தேகமில்லை. பிறகு 2009-இல் எலியின் 2-ஆம், 11-ஆம் குரோமோசோம்களில் அதற்கான பகுதிகள் இருப்பதைக் கண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. பல் தப்பிய எலி ஃப்ளோரைடை நன்றாக வெளியே தள்ளுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தால் தலைகீழ். பல் கெட்ட ஏ/ஜே எலிதான் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீரில் கழித்தது. பல் தப்பிய 129-இன் ரத்தத்திலும் எலும்பிலும்தான் ஃப்ளோரைடு கூடுதல். அதாவது வித்தியாசம் உடம்பில் தங்கும் அளவில் இல்லை, அந்த அளவைப் பல் செல் எப்படித் தாங்குகிறது என்பதில்.

மனிதர்களில்? ஏஜெண்ட் காட்டிய கட்டுரை அநேகமாக சி.ஓ.எல்.1ஏ2 ஜீனைப் பற்றியதாக இருக்கும். கொலாஜன் புரதத்தின் ஒரு இழையை எழுதும் ஜீன் அது. 2008-இல் சீனாவின் ஹெனான் மாகாணத்துக் குழந்தைகளிடம், அந்த ஜீனில் ஒரு எழுத்து மாற்றம் உள்ளவர்களுக்குப் பல் பாதிப்பு கூடுதல் என்று கண்டார்கள். பின்னால் வேறு நாடுகளில் செய்தபோது சில இடத்தில் ஒத்து வந்தது, சில இடத்தில் வரவில்லை. இந்த நிலையில் ஒரு ஜீனைப் பார்த்து ஒரு பிள்ளைக்கு ஜாதகம் எழுதுவது, அதற்குக் காசு வாங்குவது... எனக்குக் கோபம்தான் வருகிறது. மகளின் பல் ஏற்கெனவே முடிந்துபோன கட்டடம். டெஸ்ட் என்ன சொன்னாலும் அவளுக்காகச் செய்யப்போவது எதுவும் மாறாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு ஜீன் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. அதிலும் அக்காவுக்குப் போன பாதி தம்பிக்குப் போன பாதி அல்ல. "உன் பக்கம்" என்று ஒரு மருமகளை நோக்கி விரல் நீட்ட இந்த அறிவியலில் இடமே இல்லை.

#10 பென்னாகரம் ராகி

அக்கா, மன்னிக்கவும், முதலில் நக்கலாக எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம். இவ்வளவு கெட்ட பொருள் என்றால் உடம்பு தானாகவே வெளியே தள்ளாதா? களியும் புளிக்குழம்பும் சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கள் தாத்தா சொல்வார்.

#11 லேப் அக்கா

தள்ளும் செல்கள் உண்டு, நம்மிடம் இல்லை. 2012-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ.வில் ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்தார்கள். ஃப்ளோரைடு வந்து ஒட்டினால் அந்தச் சுவிட்ச் திறக்கும், ஃப்ளோரைடை வெளியேற்றும் புரதம் தயாராகும். அடுத்த வருடமே ஈஸ்ட்டிலும் ஃபெக்ஸ் என்ற புரதம் அதே வேலை செய்வது தெரிந்தது. அந்த ஜீன்களை நீக்கிய ஈஸ்ட் ஆயிரம் மடங்கு குறைந்த ஃப்ளோரைடுக்கே சுருண்டுவிடுகிறது. செடிகளிலும் இது உண்டு. பாலூட்டிகளில் காணவில்லை. பல்லைச் சொத்தையாக்கும் கிருமியிடம்கூட ஃப்ளோரைடை வெளியே தள்ளும் புரதம் இருக்கிறது, பல்லுக்குச் சொந்தக்காரரிடம் இல்லை! நமக்கு இருப்பது சிறுநீரகம் ஒன்றுதான். பெரியவர்கள் உட்கொண்டதில் பாதியளவு கழிப்பார்கள். எலும்பு வளரும் சிறு குழந்தைகளின் உடம்பு பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

களிக்கும் புளிக்கும் வாத்தியார் பதில் சொல்லட்டும், அவருக்குத்தான் பொறுமை உண்டு.

#12 ஊத்தங்கரை வாத்தியார்

தாத்தா பாதி சரி. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கால்சியம் குடலிலேயே ஃப்ளோரைடோடு சேர்ந்து கரையாத உப்பாகி வெளியேறும், கொஞ்சம் குறையும். புளியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் வீதம் 18 நாள் புளி கொடுத்தார்கள், சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது. 2002-இல் வெளிவந்த வேலை. நம் புளி மண்டிக்காரர்கள் படித்தால் விளம்பரப் பலகையே வைத்துவிடுவார்கள். ஆனால் களியைக் கிண்டியது எந்தத் தண்ணியில்? ஒரு பக்கம் இறைத்துக்கொண்டே மறுபக்கம் ஊற்றுகிற கதை.

ஒரு எச்சரிக்கை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆவியாவது தண்ணி மட்டும், மிச்சத்தில் அடர்த்தி கூடும். டீ பிரியர்களுக்கு இன்னொன்று: தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்க்கும், முற்றிய இலையில் அதிகம்.

#13 மட்டுறுத்துநர்

இந்த இழையில் தண்ணி மெஷின் விற்க வந்த மூன்று பதிவுகளும் "மூலிகைப் பல்பொடி" பதிவு ஒன்றும் நீக்கப்பட்டன.

#14 காரிமங்கலத்தான்

பல்லாண்டு சார் முதல் நாளே கேட்டதற்கு இப்போதுதான் ஒழுங்கான பதில் வைத்திருக்கிறேன். மனைவிதான் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கியது. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது 2014 கடைசியில். அதற்கு முன் குடிக்க, சமைக்க எல்லாமே போர் தண்ணி. இப்போது குழாய்த் தண்ணி குடிக்க மட்டும், மற்றதற்கெல்லாம் போர் என்பதால் "ஒரே தண்ணி" என்றே மனதில் பதிந்துவிட்டது. மகளின் முதல் ஐந்து வருடம் முழுக்கப் போர். மகன் பிறந்ததே காவிரித் தண்ணியில். அதாவது இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில் வேறு வேறு ஊரில் வளர்ந்திருக்கிறார்கள்.

மனைவியின் அண்ணன் தம்பிகளும் அப்படியே. எல்லோரும் 2000-க்கு முன் பிறந்து போர் தண்ணியில் வளர்ந்தவர்கள்.

தண்ணியைச் சோதிக்கும் கிட் பஞ்சாயத்தில் இருந்தது. போர் தண்ணியில் மருந்தை ஊற்றியதும் இளஞ்சிவப்பு மாறி மஞ்சளாகிவிட்டது, ஃப்ளோரைடு கூடுதல் என்று அர்த்தம். குழாய்த் தண்ணி இளஞ்சிவப்பிலேயே நின்றது. ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

#15 மாந்தோப்பு

அண்ணா, குழாய்த் தண்ணியை ஒரு முறை பார்த்ததோடு விட வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு தொட்டியில் காவிரித் தண்ணி குறையும்போது போர் தண்ணியையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். கோடையில் மறுபடி பாருங்கள்.

என் கதைக்கு இன்னும் விடை வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். நான் 129 எலி, பெரியப்பா மகன் ஏ/ஜே எலி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவன் பேசுவதில்லை.

#16 பல்லாண்டு

காரிமங்கலத்தான் சார், ஒன்று உறுத்துகிறது. உங்கள் அம்மாவின் பல் சுத்தம் என்றீர்கள். அவர் பிறந்து வளர்ந்தது எந்த ஊர்?

#17 காரிமங்கலத்தான்

மேட்டூர் பக்கம். ஆற்றுத் தண்ணி. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தார்.

#18 பல்லாண்டு

அதுதான். பல் எழுதி வைத்திருப்பது எட்டு வயது வரைக்குமான கதை. எனாமல் முடிந்த பிறகு எவ்வளவு குடித்தாலும் அதில் புதிதாக எதுவும் பதியாது, ஏனென்றால் கட்டிய செல்களே பல் முளைக்கும்போது உதிர்ந்துவிடுகின்றன. எலும்பு அப்படி அல்ல. வாழ்நாள் முழுக்க உடைத்து உடைத்துக் கட்டப்படுவது. உடம்பில் தங்கும் ஃப்ளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து 2014 வரை உங்கள் அம்மா போர் தண்ணி குடித்தது முப்பது வருடத்துக்கு மேல் வருகிறதே.

எலும்பு கெட்டியாவது நல்லதுதானே என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். ஃப்ளோரைடு எலும்பு கட்டும் செல்களைத் தூண்டும், உண்மை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எலும்பு தேய்ந்த 202 பெண்களில் ஒரு பாதிக்குத் தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் முடிவு வந்தது. நான்கு வருடத்தில் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது, ஆனால் முதுகெலும்பு அல்லாத மற்ற எலும்புகளில் முறிவு மருந்து எடுக்காதவர்களைவிடக் கூடியது. கெட்டி, ஆனால் பலமில்லை. தசைநார் ஒட்டும் இடங்களிலும் சுண்ணாம்பு படியும், மூட்டு இறுகும்.

அம்மாவுக்கு வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். முழங்கால் மடக்காமல் குனிந்து தரையிலிருக்கும் நாணயத்தை எடுக்கச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சில் படவைக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். வயதானவருக்கு வேறு காரணத்தாலும் முடியாமல் போகலாம், அதனால் இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. முடியவில்லை என்றால் முன்கை எக்ஸ்ரே எடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

மகளுக்கும் வழி உண்டு. மேல்பூச்சு, ரெசின் என்ற பல் நிறப் பிசின், பல் எவ்வளவு பாதித்திருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி. நேரில் ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள்.

#19 காரிமங்கலத்தான்

இன்று காலை பார்த்தோம். நாணயத்தை எடுக்க அம்மா முட்டி மடக்கினார். தாடை நெஞ்சுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடமாகவே கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவார். வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குத்தான் பல்லு நல்லாருக்கே" என்று இரண்டு முறை சொன்னார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குழாய்த் தண்ணி பிடிக்கிற நீலக் குடத்தைச் சமையலறைக்கு மாற்றி வைத்தார், இனி உலைக்கும் அதுதானாம். புதன்கிழமை எக்ஸ்ரேவுக்கு மாமியாரை அவர்தான் அழைத்துப் போகிறார். எனக்கு அன்றைக்கு லீவு இல்லை.